பற்றவைப்புத் தொழிலும் பாதுகாப்பும்

இரும்பை இரும்போடு இணைப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி கொல்லன் உலை. இரண்டு துண்டுகளையும் உலையில் இட்டுச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினர். துருத்தி ஊத ஒருவர், அடிக்க ஒருவர், பிடிக்க ஒருவர் என்று மூவர் கூடிச் செய்த வேலை அது. இன்று அதே காரியத்தைத் தனி ஒருவர், கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, சில விநாடிகளில் முடித்துவிடுகிறார். கம்பியின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே வில்லாக வளைந்து பாயும் மின்சாரத்தில் 5,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பம் பிறக்கிறது. இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரியே போதும். இதைத்தான் வெல்டிங் என்றும் பற்றவைப்பு என்றும் சொல்கிறோம்.

கொல்லன் உலையின் நெருப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த நெருப்பு; எட்ட நின்றால் அது சுடுவதில்லை. பற்றவைப்பின் அபாயங்களோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. சில, வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு நள்ளிரவில் வெளிப்படுகின்றன. சில, இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்படுகின்றன. ஆகையினால்தான் இத்தொழிலில் அனுபவம் ஒன்றே காவலாகிவிடாது, அறிவும் வேண்டும்.

மும்பை வாழ் தமிழருக்கு இது அயலார் விஷயம் அன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இன்று எத்தனையோ தொழில்களில் பரவியிருக்கின்றனர். தாராவியின் சந்துகளிலே ஜன்னல் கிராதியும், இரும்புப் படிக்கட்டும், பரணுக்கான சட்டமும் பற்றவைக்கும் சிறு பட்டறைகளைக் காணலாம். மாதுங்காவில் 1915ஆம் ஆண்டு முதல் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்துவரும் பெரிய பணிமனை இருக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், அவற்றைச் சூழ்ந்த உரத் தொழிற்சாலையும் மின் நிலையமும் மைல் கணக்கான குழாய்களைத் தாங்கி நிற்கின்றன. குழாய் என்று ஒன்று இருந்தால் பற்றவைப்பவர் ஒருவரும் அங்கே இருந்தாக வேண்டும். கொல்கத்தாவிலும் தில்லியிலும் சூரத்திலும் பெங்களூரிலும் உள்ள நம்மவருக்கும் இதே நிலைதான். பெயர்ப் பலகையின் மொழி மாறலாம். மின்சாரத்தின் இயல்பும் நெருப்பின் இயல்பும் மாறுவதில்லை.

இத்தொழிலில் உள்ள அபாயங்களை ஒளி, புகை, மின்சாரம், தீ, வாயு என ஐந்தாகப் பகுத்துக் காணலாம்.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். மின்வில்லின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகும் வெளிச்சத்தோடு, புலனாகாத இரண்டு கதிர்களும் கலந்திருக்கின்றன. ஒன்று வெப்பத்தைச் சுமந்துவரும் அகச்சிவப்புக் கதிர். மற்றொன்று தோலையும் விழியையும் பொசுக்கும் புற ஊதாக் கதிர். இந்தப் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைத் தாக்குகிறது. தாக்கும்போது வலி தெரியாது. நான்கு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை கழித்து, பெரும்பாலும் தூக்கத்தின் நடுவில், கண்ணில் கைப்பிடி மணலை அள்ளிப் போட்டாற்போல உறுத்தலும் எரிச்சலும் எழுகின்றன, நீர் வழிகிறது, விளக்கைப் பார்க்க முடிவதில்லை. இது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணிந்துவிடுகிறது என்பதனாலேயே பலர் இதைத் தொழிலின் வாடிக்கை என்று பொறுத்துக்கொள்கின்றனர். ஆனால் ஒவ்வொரு முறையும் விழி புண்படவே செய்கிறது. நீண்ட காலம் இக்கதிர்களுக்கு ஆளானால் கண்புரை நோய் வருவதற்கும் இடமுண்டு. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதில் பயன் என்ன?

இந்த வலிக்கு நம் வீடுகளில் சில கை மருந்துகள் உண்டு. தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக் கட்டுவார்கள், ஏதோ ஒரு பச்சிலையைப் பிழிவார்கள். மேற்படலம் புண்பட்டிருக்கும் கண்ணில் சுத்தம் செய்யப்படாத எதை விட்டாலும் சீழ் பிடிக்கக்கூடும். மூடிய இமைகளின்மேல் குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை இட்டு, இருட்டறையில் ஓய்வு கொண்டு, காலையில் கண் மருத்துவரைக் காண்பதே தக்க முறை. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் வாங்கி அடிக்கடி விட்டுக்கொள்வது மிகத் தவறு. அது வலியை மறைத்து, புண் ஆறுவதைத் தடுக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் இருக்குமானால் இரும்புத் துணுக்கு புகுந்திருக்கலாம் என்று ஐயுற்று, கசக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியை அணிந்து பற்றவைப்போர் பலரை நாம் தெருவோரங்களில் காண்கிறோம். பற்றவைப்புக்குரிய கண்ணாடிகளுக்கு அடர்த்தி எண் உண்டு. வாயுவால் இரும்பை அறுப்பதற்கு 3 முதல் 6 வரையுள்ள எண்கள் போதும். மின்வில்லுக்கோ, 100 ஆம்பியர் அளவில் 10 அல்லது 11ஆம் எண்ணும், 200 ஆம்பியருக்கு மேல் 12ஆம் எண்ணும் வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியின் அடர்த்தி 3ஆம் எண்ணைத் தாண்டுவதே அரிது. அன்றியும் அது கண்ணை மட்டுமே மறைக்கிறது. முகமும் கழுத்தும் வெயிலில் கருகியதைப்போல் தோல் உரிவதைத் தடுப்பதில்லை. தலையில் மாட்டும் முகக் கவசமே சிறந்தது. கையில் பிடிக்கும் கவசம் அதற்கு அடுத்தது. கவசத்தின் கண்ணாடியில் மயிரிழை விரிசல் கண்டாலும் மாற்றிவிட வேண்டும். பற்றவைத்தபின் மேலே படிந்த கசடைத் தட்டி எடுக்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறோம். சூடான துணுக்குகள் கண்ணில் தெறிப்பது பெரும்பாலும் அப்போதுதான். அவ்வேலைக்கு நிறமற்ற காப்புக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்திருப்பது அவசியம்.

இங்கே மற்றொருவரையும் நினைக்க வேண்டும். பற்றவைப்பவருக்குக் கவசம் இருக்கிறது. இரும்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு என்ன இருக்கிறது? அவர் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிறார். சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பும் கதிர் அவர் கண்ணையும் விடுவதில்லை. வேலை கற்க வந்தவருக்கும் ஒரு கவசம் வாங்கித் தருவது முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது மூத்த தொழிலாளியின் கடமை. சந்தில் விளையாடும் குழந்தைகள் அந்த நீல ஒளியை வேடிக்கை பார்க்கக் கூடுவது இயல்பு. ஒரு தகரத்தையோ தீப்பற்றாத திரையையோ குறுக்கே நிறுத்திவிட்டால் அக்குழந்தைகளின் கண்கள் காப்பாற்றப்படும்.

அடுத்தது புகை. கம்பியின்மேல் பூசிய மருந்தும், உருகும் உலோகமும் ஆவியாகி, குளிர்ந்து, மிக நுண்ணிய துகள்களாக மிதப்பதே பற்றவைப்புப் புகை. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்தால் வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையோ இரவோ குளிர்ஜுரம் வந்தாற்போல் நடுக்கமும் உடல்வலியும் வாயில் உலோகச் சுவையும் தோன்றுகின்றன. மறுநாள் சரியாகிவிடுகிறது. மலேரியா என்று எண்ணி மாத்திரை விழுங்குவோரும் உண்டு. நாள்தோறும் இப்புகையில் இருப்பவரின் உடல் சற்றுப் பழகிக்கொள்வதும், ஞாயிறன்று ஓய்ந்திருந்து திங்களன்று வேலைக்குச் சென்றவுடன் ஜுரம் மீண்டும் வருவதும் இந்நோயின் தனி இயல்பு. மழைக்காலத்தில் இந்த ஜுரத்தை மற்ற ஜுரத்திலிருந்து பிரித்தறிய வேண்டுமானால், எந்தக் குழாயைப் பற்றவைத்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெல்லம் தின்றால் புகை கழிந்துவிடும், பால் குடித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்ற நம்பிக்கை தொழிலாளரிடையே பரவியிருக்கிறது. வெல்லமும் பாலும் நல்ல உணவுகளே. ஆனால் அவை செல்வது இரைப்பைக்கு. புகை செல்வது நுரையீரலுக்கு. நுரையீரலில் படிந்ததை வெல்லம் சென்று அகற்றுவது எங்ஙனம்? கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வதும் பயன் தராது. துணியின் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடப் புகைத் துகள் மிகச் சிறியது.

நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத எஃகைப் பற்றவைக்கும்போது எழும் புகையில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. சாதாரண இரும்பின் புகையில் உள்ள மாங்கனீசு, மிகுதியாக உட்சென்றால் நரம்புகளைத் தாக்குகிறது. பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று, பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முடிவு கண்டு, அதனை 2018இல் வெளியிட்டது. எவர்சில்வருக்கு மட்டும் என்று அந்நிறுவனம் வரையறை செய்யவில்லை. எல்லாப் பற்றவைப்புப் புகைக்குமே இது பொருந்தும். மறு ஆண்டு பிரிட்டன் தன் பட்டறைகளில் விதிகளை இறுக்கியது.

இதற்காகத் தொழிலையே கைவிட வேண்டும் என்பதில்லை. புகை மேலெழும் பாதையில் தலையை நீட்டாமல் பக்கவாட்டில் இருந்து வேலை செய்வது முதற்படி. மின்விசிறியை முகத்துக்கு எதிரே வைத்தால் புகை முகத்திலேயே அடிக்கும். பக்கத்தில் வைத்துப் புகையை வாயிலை நோக்கித் தள்ள வேண்டும். சுவரில் ஒரு துவாரம் இட்டு, புகையை வெளியே இழுக்கும் விசிறியைப் பொருத்துவது இன்னும் நன்று. முகக் கவசத்துக்குள் அணியத்தக்க, துகள்களை வடிகட்டும் மூக்குமூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. பற்றவைக்கும் இடத்தில் உள்ள வர்ணத்தையும் துத்தநாகப் பூச்சையும் முன்னதாகத் தேய்த்து அகற்றிவிட்டால் புகையின் நஞ்சில் பெரும்பகுதி குறைந்துவிடும். பீடியையும் விட்டுவிட்டால் நுரையீரலுக்கு இரட்டைச் சுமை நீங்கும்.

மூன்றாவது மின்சாரம். பற்றவைப்பு இயந்திரத்தில் நுழையும் மின்சாரம் 230 அல்லது 415 வோல்ட். வெளிவருவது, கம்பி இரும்பைத் தொடாத வேளையில், 60 முதல் 80 வோல்ட் வரை. இது குறைந்த அழுத்தம்தானே என்று நாம் அலட்சியம் செய்கிறோம். உலர்ந்த தோலுக்கு அது பெரும்பாலும் தாங்கக்கூடியதே. ஆனால் மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழையில், வியர்வையில் தோய்ந்த பனியனோடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு 80 வோல்ட்டும் யமனாகலாம். ஈரம் தோலின் தடையைக் குறைத்து மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. இரும்புத் தொட்டிக்குள் குந்தியோ படுத்தோ வேலை செய்பவரின் உடல் நாற்புறமும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவருடைய அபாயம் பன்மடங்கு.

ஆதலின் மழைக்காலத்தில் காலின்கீழ் உலர்ந்த மரப்பலகை ஒன்று இருக்கட்டும். கையுறை உலர்ந்ததாக இருக்கட்டும். நனைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு ஜோடி இருக்கட்டும். கம்பியைப் பிடிக்கும் ஹோல்டரின் காப்பு உடைந்திருந்தால் துணியைச் சுற்றி ஒப்பேற்றாமல் புதிதாக வாங்கிவிட வேண்டும். ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்ளும் வழக்கத்தை அறவே விட வேண்டும். மின் கேபிளின் தோல் கிழிந்திருந்தால் அது தண்ணீரில் கிடக்கலாகாது. மின்கசிவு ஏற்பட்டதும் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தைப் பட்டறையின் மின்பலகையில் பொருத்திவிட்டால் பல உயிர்கள் பிழைக்கும்.

திரும்பு கம்பியைப் பற்றியும் ஒரு சொல். மின்சாரம் இயந்திரத்துக்குத் திரும்பிச் செல்லும் பிடியை, பற்றவைக்கும் இரும்பிலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். சோம்பலினால் அதைக் கட்டடத்தின் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், மின்சாரம் தன் விருப்பம்போல் பாதை தேடிக்கொள்ளும். அந்தப் பாதையில் ஈரக் கையோடு குழாயைத் திறக்கும் அண்டை வீட்டார் ஒருவர் நிற்கக்கூடும்.

நான்காவது தீ. பற்றவைக்கும்போதும் அறுக்கும்போதும் தெறிக்கும் பொறிகள் பத்து மீட்டர் தொலைவுவரை செல்லும். உயரத்தில் வேலை நடந்தால் இன்னும் தொலைவு செல்லும். அவை தரையில் உருண்டு, பலகை இடுக்கிலும் சுவர்ப் பிளவிலும் புகுந்து ஒளிந்துகொள்ளும். உலகின் பெருங்கப்பல்களில் ஒன்றான நார்மண்டி, 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் எரிந்து, மறுநாள் கவிழ்ந்தது. அதனைப் படைவீரர் கப்பலாக மாற்றும் வேலையின்போது அறுவைத் தீயின் பொறிகள் உயிர்காப்பு மேலங்கிகளின் குவியலில் விழுந்ததே காரணம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், மேலே பாலச் சாலையில் நடந்த பற்றவைப்பின் உருகிய உலோகம் கீழே கசிந்து கூரையின் காப்புப் பொருளில் பட்டது. 17 பேர் மாண்டனர். அங்கெல்லாம் தீயணைப்புப் படை அருகிலேயே இருந்தது. தாராவியின் ஒரு பட்டறையில், கீழே வேலை, மேலே பரணில் குடும்பம், பக்கத்து அறையில் துணிக் கழிவும் பிளாஸ்டிக் மூட்டையும் என்று இருந்தால், தீயணைப்பு வண்டி நுழையவும் முடியாத சந்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புகைந்துகொண்டிருக்கும் நெருப்பின் கொடுமையை மும்பை நன்கறியும். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்னும் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் நெருப்பு கனன்றது. மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. தீயணைக்கச் சென்ற வீரர் 66 பேர் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அது பற்றவைப்பால் விளைந்ததன்று. எனினும் பஞ்சிலும் துணியிலும் மரத்தூளிலும் நெருப்பு மணிக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்ற பாடத்தை அது நமக்கு விட்டுச்சென்றது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் நாடெங்கும் தீயணைப்பு வாரம் கொண்டாடுவது அந்த வீரர்களின் நினைவாகவே.

ஆகவே வேலை தொடங்குமுன் பத்து மீட்டர் சுற்றளவில் எரியக்கூடியவற்றை அகற்றுவோம். அகற்ற முடியாதவற்றைத் தகரத்தாலோ ஈர மணலாலோ மூடுவோம். சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது, பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறை சென்று பார்ப்போம். ஒரு வாளி மணலும், வாய்ப்பிருந்தால் ஒரு தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். வேலை முடிந்தவுடன் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடாமல், குறைந்தது அரை மணி, கூடுமானால் ஒரு மணி நேரம், ஒருவர் அங்கேயே காவல் இருக்கட்டும். தீ பெரும்பாலும் மூள்வது எல்லோரும் போன பிறகுதான்.

தாராவித் தொழிலாளரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தாராவியின் 13ஆம் காம்பவுண்டுப் பகுதி பழைய பொருள்களைப் புதுப்பிப்பதில் பெயர்பெற்றது. எண்ணெய் டிரம்களும் ரசாயனப் பீப்பாய்களும் அங்கே கழுவப்பட்டு, நிமிர்த்தப்பட்டு, மீண்டும் விற்பனைக்குச் செல்கின்றன. சிலவற்றை அறுத்துத் தகடாகவும் ஆக்குவர். இந்தக் காலி டிரம் பெயரளவில்தான் காலி. 200 லிட்டர் டிரம் ஒன்றில் வெடிக்கத்தக்க கலவை உண்டாவதற்கு ஒரு பெரிய கரண்டி பெட்ரோல் ஆவியாக நின்றாலே போதும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் அபாயமானது. நிறைந்ததில் காற்று இல்லை, காலியானதில் ஆவியும் காற்றும் கலந்து பொறிக்காகக் காத்திருக்கின்றன.

மோந்து பார்த்தோம், வாசனை இல்லை என்பது சான்றாகாது. டீசல், கெட்டி எண்ணெய், வர்ணம், பிசின் ஆகியவை குளிர்ந்த நிலையில் ஆவி விடுவதில்லை. அறுக்கும் தீ பட்டவுடன் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் படலம் ஆவியாகி, அந்தத் தீயிலேயே வெடிக்கிறது. பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும் என்பதும் தவறு. எண்ணெய் தண்ணீரில் கரைவதில்லை அன்றோ? முதலில் டிரம்மில் என்ன இருந்தது என்று கேட்டறிய வேண்டும். தெரியாவிட்டால் அதில் நெருப்பை வைக்கவே கூடாது. தெரிந்தால், நீராவியாலோ, சோப்புச் சேர்த்த கொதிநீராலோ பலமுறை கழுவி, கசடு முழுவதையும் வெளியேற்ற வேண்டும். பின்னர் அறுக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீரை நிரப்பி, அடைப்புகள் அனைத்தையும் திறந்து வைத்த பிறகே தீயைக் காட்டலாம். தண்ணீர் நிரம்பிய இடத்தில் ஆவி தங்க இடமில்லை. திறந்த வாய் வழியே அழுத்தம் வெளியேறிவிடும். எரிபொருள் இருந்த கலத்தை, அதனை முற்றிலும் நீக்காமல் பற்றவைக்கவோ அறுக்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 37ஆம் பிரிவு விதித்திருந்தது. ஐந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறையை அச்சட்டம் எட்டவில்லை. ஆனால் டிரம் வெடிக்கும்போது ஆள் கணக்குப் பார்ப்பதில்லை.

ஐந்தாவது வாயு. நம் நாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு நிறமும் அசெட்டிலின் சிலிண்டர் அரக்குச் சிவப்பு நிறமும் உடையவை. ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. எரிவதையெல்லாம் பன்மடங்கு வேகமாக எரியச் செய்கிறது. ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் அந்த வாயுவின் வால்வில் எண்ணெயோ கிரீசோ பட்டால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இறுகிய வால்வுக்கு எண்ணெய் விடுவது நம் கைப்பழக்கம். இங்கே அது கூடாது. உடையில் படிந்த தூசியை ஊதித் தள்ளுவதற்கும், மூச்சுத் திணறும் அறையில் காற்றோட்டத்துக்கும் ஆக்சிஜனைத் திறந்துவிடுவோர் உண்டு. ஆக்சிஜன் ஊறிய உடை ஒரு பொறியில் தலைமுதல் கால்வரை எரியும்.

அசெட்டிலின் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைத்து, சங்கிலியால் சுவரோடு பிணைக்க வேண்டும். படுக்க வைத்தால் உள்ளே வாயுவைக் கரைத்து வைத்திருக்கும் அசெட்டோன் திரவம் வால்வின் வழியே வெளிவரும். அக்குழாயில் செப்புத் துண்டை இணைப்பாகப் பொருத்துதல் ஆகாது. செம்போடு சேர்ந்து அசெட்டிலின் வெடிக்கத்தக்க பொருளாக மாறும். தீ குழாயின் வழியே திரும்பி வராமல் தடுக்கும் சிறு சாதனத்தை இரண்டு குழாய்களிலும் பொருத்த வேண்டும். கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சியைக் காட்டிப் பார்க்காமல் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் கொச்சிக் கப்பல் தளத்தில் பழுதுபார்க்கப்பட்டுவந்த சாகர் பூஷண் என்னும் எண்ணெய்த் துரப்பணக் கப்பலில் வெடிப்பு நேர்ந்து 5 பேர் உயிரிழந்தனர். அறுவைக் குழாயிலிருந்து கசிந்த அசெட்டிலின் மூடிய பகுதியில் தேங்கியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அவ்வளவு பெரிய தளத்திலேயே ஒரு சிறு குழாயின் கசிவு இத்தனை உயிரைக் கொண்டுபோகுமானால், செம்பூரின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் தாராவியின் எட்டடி அறைக்குள்ளும் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! உணவுக்கு எழுந்தாலும், இரவு வீடு திரும்பினாலும், சிலிண்டரின் வால்வை மூடி, குழாயையும் தீமுனையையும் மூடிய இடத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். இது ஒரு நிமிட வேலை.

தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு மேலும் ஒரு விதி உண்டு. உள்ளே காற்று சுவாசிக்கத் தக்கதா என்று கருவியால் சோதித்து, எழுத்து மூலம் அனுமதி பெற்று, வாயிலில் ஒருவரைக் காவல் நிறுத்திய பின்னரே இறங்க வேண்டும். ஆர்கான் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; காற்றைவிடக் கனமான அது அடியில் தேங்கி, உயிர்வளியை வெளியேற்றிவிடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பதறி மற்றொருவரும் குதிப்பது இயல்பு. அவ்வாறு காப்பாற்றச் சென்றவரும் சேர்ந்து மாள்வதே இத்தகைய விபத்துகளின் வழக்கமான கதை. சுவாசக் கருவியின்றி இறங்காமல், வெளியிலிருந்து கயிற்றால் இழுக்கவே முயல வேண்டும்.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நைலான், பாலியெஸ்டர் உடைகள் பொறி பட்டவுடன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையே ஏற்றது. கால்சட்டையின் அடிமடிப்பும் திறந்த சட்டைப்பையும் பொறிகளுக்குக் கூடுகள். ரப்பர்ச் செருப்பு காலணி ஆகாது. மூடிய தோல் காலணி வேண்டும். முழங்கைவரை வரும் தோல் கையுறையும் தோல் மார்புத் துணியும் இன்றியமையாதவை. தோல் தொழிலுக்குப் பெயர்போன தாராவியிலே வாழ்பவர், தோல் கையுறை இன்றி வெறுங்கையோடு பற்றவைப்பது பொருந்துமா?

இத்தனை காத்தும் விபத்து நேருமானால் என்ன செய்வது? மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடாமல், முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். தீக்காயத்தின்மேல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரை விட வேண்டும். பற்பசை, மை, எண்ணெய், மஞ்சள் ஆகியவற்றைப் பூசலாகாது. 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசினால் ஆம்புலன்ஸ் வரும். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் சயான் மருத்துவமனை மிக அருகில் இருக்கிறது.

மருத்துவத்தோடு விஷயம் முடிவதில்லை. வேலையின்போது ஊனமுற்றவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ நஷ்டஈடு பெறும் உரிமை 1923ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டுச் சட்டத்தில் இருந்துவருகிறது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. அவ்வுரிமை அவற்றிலும் தொடர்கிறது. ஆனால் உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். ஊரிலிருந்து வந்தவரை முகாதம் ஒருவர் அழைத்துச் செல்கிறார்; ஒப்பந்தக்காரர் வேறு, ஆலை முதலாளி வேறு. விபத்து நேர்ந்த பின் அவர் எங்கள் ஆள் அல்லர் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுகின்றனர். ஊரில் உள்ள மனைவிக்கு, கணவர் யாரிடம் வேலை செய்தார் என்பதே தெரிவதில்லை. ஆதலால் வேலைக்குச் சேரும் அன்றே ஒப்பந்தக்காரரின் பெயரையும் வேலை நடக்கும் இடத்தின் முகவரியையும் எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆலையின் நுழைவுச் சீட்டையும் கூலி பெற்ற சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாயின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதியில் தம் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். சிறு பட்டறையில் இருப்போர், அமைப்புசாராத் தொழிலாளருக்கென மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாராவிக்கு மிக அருகே, சயானில், மத்தியத் தொழிலாளர் நிறுவனம் அமைந்திருக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பை ஆராய்ந்து பயிற்சி அளிக்கும் அரசு நிறுவனம் அது. தேசியப் பாதுகாப்புக் குழு 1966ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் நிறுவப்பட்டதை ஒட்டி, ஆண்டுதோறும் அந்நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆலைகளில் அன்று கொடி ஏற்றி உறுதிமொழி எடுக்கின்றனர். நம் தமிழ்ச் சங்கங்களும் நற்பணி மன்றங்களும் பொங்கல் விழா நடத்தும் அதே மண்டபத்தில், அந்நாளில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, தாராவியிலும் செம்பூரிலும் உள்ள பற்றவைப்போரைக் கூட்டி, தமிழிலேயே இவற்றை எடுத்துச் சொல்லலாம். எச்சரிக்கைப் பலகைகள் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. புதிதாக ஊரிலிருந்து வந்த இளைஞருக்கு அவை புரிவதற்குச் சில மாதங்கள் ஆகும். அச்சில மாதங்களில்தான் அவருக்கு ஆபத்து மிகுதி. அவர் அருகே நின்று வேலை செய்யும் மூத்தவர், கருவியைக் கையில் கொடுக்குமுன் கவசத்தைக் கையில் கொடுத்துவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு முகக் கவசம், ஒரு ஜோடிக் கையுறை, ஒரு மரப்பலகை, ஒரு வாளி மணல், வேலை முடிந்தபின் அரை மணிக் காவல் ஆகியவை எந்தச் சிறு பட்டறைக்கும் எட்டாதவை அல்ல. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் அந்தக் கைகளும், கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று குழந்தைகளின் முகத்தைப் பார்க்கும் அந்தக் கண்களும் இவற்றினால் காப்பாற்றப்படுமாயின், அதைவிட மலிவான காப்பு வேறில்லை.